சம்பளத்திலிருந்து ஒரு பங்கு: இன, சாதி நியாயத்துக்கு உழைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வருஷத்துக்கு ஒருமுறை ஹெச்.ஆரிடமிருந்து அந்த மெயில் வரும். உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு தொகையைப் பிடித்து, நீங்கள் சொல்லும் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்புகிறோம், நீங்கள் போடுகிற அளவுக்குக் கம்பெனியும் போடும் என்று இருக்கும். உள்ளே போனால் நூற்றுக்கணக்கில் பெயர்கள். கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல் என்று தலைப்பு வாரியாகப் பிரித்திருப்பார்கள். பன்னாட்டுக் கம்பெனியாக இருந்தால் ‘இன நீதி’ என்றும் ஒரு தலைப்பு இருக்கும். உச்சிப்புளியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பையனும் சரி, மண்டபத்தில் இறால் ஏற்றுமதி ஆபீஸில் கணக்கு எழுதுகிற பெண்ணும் சரி, அந்தத் தலைப்பைப் பார்த்ததும் அது அமெரிக்காக்காரன் விஷயம் என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

அது நம் விஷயமும்தான். 1965-இல் ஐ.நா. நிறைவேற்றிய இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை, இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுத் தோற்றம் ஆகியவற்றின் பேரில் நடக்கும் பாகுபாடு எல்லாவற்றையும் முதல் பிரிவிலேயே சேர்த்துச் சொல்கிறது. வம்சாவளி என்பதில் சாதியும் அடக்கம் என்று அதைக் கண்காணிக்கும் குழு 2002-இல் விளக்கம் தந்தது. இந்திய அரசு இதை ஏற்கவில்லை. 2001-இல் டர்பனில் நடந்த ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாட்டிலும் சாதி வேறு, இனம் வேறு என்றுதான் வாதாடியது. அந்த வழக்கு தீருகிறபோது தீரட்டும். உங்கள் ஐந்நூறு ரூபாய் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம் ராமநாதபுரம் கரையில் யார் யார் இதில் வருவார்கள்? சாதியின் பேரால் அடிபடுகிற தலித் மக்கள் முதலில். பரமக்குடியில் 1957-இல் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்ட மாவட்டம் இது. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. பழங்குடிப் பட்டியலில் அண்மையில்தான் இடம் கிடைத்த நரிக்குறவர்கள் இருக்கிறார்கள். கட்டட வேலைக்கும் மீன் கம்பெனிக்கும் ரயிலேறி வந்திருக்கிற வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அப்புறம் மண்டபம். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய காலத்தில், கப்பலேறுமுன் தொழிலாளர்களைத் தங்கவைத்துச் சோதித்த இடம் மண்டபம் கேம்ப். 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களுடைய பிள்ளைகளும் பேரன்களும் திரும்பி வந்து தங்கியதும் அங்கேதான். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களுக்கும் அதுவே முதல் கூரை. 2022-இல் இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் போனபோது தனுஷ்கோடி மணல் திட்டில் இறங்கியவர்களையும் அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் பே ஸ்லிப்

எந்த அமைப்பு என்று தேடுவதற்கு முன்னால், பணம் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் புயல், வெள்ளம் என்றால் ‘ஒருநாள் சம்பளம்’ தருவார்களே, அது ஒன்று. அது பெரும்பாலும் அரசு நிவாரண நிதிக்குப் போகும், அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே அதில் இல்லை. இரண்டாவது மாதப் பிடித்தம். மூன்றாவது, நீங்களே நேரடியாகக் கொடுத்துவிட்டு ரசீதைக் காட்டினால் கம்பெனி தன் பங்கைச் சேர்த்து அனுப்புவது.

சிங்கப்பூரில் இருக்கும் தொண்டிக்காரருக்கும் கீழக்கரைக்காரருக்கும் மாதப் பிடித்தம் புதிதல்ல. அங்கே இந்திய வம்சாவளியினரின் சம்பளத்தில் ‘சிண்டா’ என்று ஒரு வரி இருக்கும். இந்தியர்களின் முன்னேற்றத்துக்காக 1991-இல் தொடங்கிய சங்கத்துக்குப் போகும் பணம் அது. முஸ்லிம் ஊழியர்களுக்குப் பள்ளிவாசல் கட்டட, மெண்டாக்கி நிதி என்று தனிப் பிடித்தம். வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து விலகலாம். ஆனால் சும்மா இருந்தால் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். நம் ஊரில் அப்படியில்லை, நீங்களாகக் கேட்டுச் சேர வேண்டும்.

ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டியவை: எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாமா? நடுவில் இருக்கும் இணையதளம் எவ்வளவு கழித்துக்கொள்ளும்? பட்டியலில் இல்லாத அமைப்பைச் சேர்க்கச் சொல்லலாமா? கம்பெனி போடும் பங்கு இந்தியக் கிளையின் கணக்கிலிருந்து வருகிறதா, வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்தா? கடைசிக் கேள்வியைக் கேட்டால் அவரே கொஞ்சம் முழிப்பார். பரவாயில்லை, கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

நிவாரணமா, நியாயமா?

எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். நோட்டுப் புத்தகம், சேலை, அரிசி மூட்டை, தையல் மிஷின் கொடுக்கிற அமைப்புகளின் படங்கள் அழகாக இருக்கும். கொடுப்பவர் கையும் வாங்குபவர் கையும் படத்தில் தெரியும். அதில் தப்பில்லை, பசிக்கிறவனுக்கு முதலில் சோறுதான். ஆனால் நீங்கள் ‘இன நீதி’ என்ற தலைப்பின் கீழ் தருவதாக இருந்தால், பாகுபாடு நடக்கிற இடத்தில் நின்று அதை மாற்றப் பார்க்கிற வேலை எது என்று தேட வேண்டும். அந்த வேலை படத்தில் விழாது.

பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமை வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேவிபட்டினத்துக்கு வடக்கே ஏதோ ஒரு கடலோரக் கிராமம். பாதிக்கப்பட்டவர், அவர் மனைவி, நேரில் பார்த்த இரண்டு பேர், ஆக நாலு பேர் காலையில் ராமநாதபுரம் கோர்ட்டுக்கு வர வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான். ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேர மொபசல் பஸ்தான் ஏற வேண்டியிருக்கும், அதில் எல்லோருக்கும் டிக்கெட். நாலு பேருக்கும் அன்றைய கூலி போச்சு. பத்தரைக்குப் பெயர் கூப்பிடுவார்கள் என்று வாசலில் நின்றால், மதியம் தெரியும், எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்டிருக்கிறார் என்று. அடுத்த வாய்தா அடுத்த மாசம். டீ, சாப்பாடு, ஜெராக்ஸ், மனு டைப் அடிக்கிற கூலி, திரும்பப் பஸ். சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் பயணப்படி, தினப்படி தர வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. இருக்கிறது என்பது வேறு, கைக்கு வருவது வேறு. இரண்டு வருஷம் இப்படி அலைந்தால் சாட்சி சொல்ல வந்தவர், “விடுங்கண்ணே, பிழைப்பைப் பார்ப்போம்” என்று சொல்லிவிடுவார். எதிர்த்தரப்பும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த நாலு பேரையும் வாய்தாவுக்கு வாய்தா கூட்டிக்கொண்டு வருகிற ஒரு களப்பணியாளரின் சம்பளமும் பஸ் காசும்தான் வழக்கைத் தாங்கி நிற்கிறது. எஃப்.ஐ.ஆரில் சரியான பிரிவு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா என்று கேட்பது அவர். பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரவேண்டிய தீருதவித் தொகையில் (இழப்பீடு) எந்தத் தவணை நிலுவை என்று கலெக்டர் ஆபீஸில் போய் நிற்பதும் அவர். ஆண்டறிக்கையில் இதெல்லாம் ‘சட்ட உதவி’ என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடும்.

முகாம் விஷயமும் இப்படித்தான். மண்டபத்தில் ஒரு குழந்தைக்குப் பால்புட்டி வாங்கித் தருவது நிவாரணம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்பது சட்டம். மண்டபத்தில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு அந்தச் சட்டப்படி பாஸ்போர்ட் தர வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது 2022-இல். நடுவில் முப்பத்தாறு வருஷம். பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து, மனுப் போட்டு, வக்கீல் வைத்து இப்படிப்பட்ட உத்தரவு வரை ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை நியாயத்தின் வேலை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழரைச் சேர்க்காமல் விட்டிருப்பதால் அந்த வேலைக்கு இன்னும் தேவை நிறையவே இருக்கிறது.

அமெரிக்காவிலும் வழி இதேதான். அங்கே 1940-இல் தர்குட் மார்ஷல் தொடங்கிய சட்டப் பாதுகாப்பு நிதி, பள்ளிகளில் கறுப்பு, வெள்ளைப் பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பு வரை வழக்குகளை நடத்திச் சென்றது. அலபாமாவில் பிரையன் ஸ்டீவன்சன் 1989-இல் தொடங்கிய சம நீதி முன்னெடுப்பும் வழக்கு நடத்துகிற அமைப்புதான். உங்கள் சக ஊழியர் அட்லாண்டாவிலிருந்து இந்தப் பெயர்களைப் பரிந்துரைத்தால் தயங்காமல் கொடுங்கள். அதோடு இங்கே என்ன இருக்கிறது என்றும் அவருக்குச் சொல்லுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கொடைத் தளங்களில் சிலர் எல்லாவற்றையும் ‘சமத்துவம்’ என்ற ஒரே கூடையில் போட்டு வைத்திருப்பார்கள். பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிற பெண்களின் வாழ்வாதாரம் அருமையான காரியம். 1986-இல் கடல் தேசியப் பூங்கா வந்ததிலிருந்து தீவுப் பக்கம் போக அவர்கள் படுகிற பாடும் கொஞ்சமல்ல. ஆனால் அது வேறு கணக்கு. அதற்குத் தர ஆசையிருந்தால் அந்தப் பெயரிலேயே தரலாம்.

முடிவெடுப்பது யார்?

இந்தக் கடற்கரையில் கொடுக்கிற கைகளுக்குப் பஞ்சமில்லை. மகமை கொடுத்துப் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் உண்டு, ஜக்காத் உண்டு, கோயிலுக்கும் மாதா சப்பரத்துக்கும் படகுக்கு இவ்வளவு என்று வசூல் உண்டு. பெரும்பாலும் அது தன் தெரு, தன் ஜமாத், தன் சங்கம் என்ற வட்டத்துக்குள் சுற்றும். நாம் இப்போது பேசுகிற கொடை அந்த வட்டத்தைத் தாண்டுவது. தாண்டும்போதுதான் ‘நாம் அவர்களுக்குச் செய்கிறோம்’ என்ற தோரணையும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

அதனால் அமைப்பைப் பார்க்கும்போது என் முதல் கேள்வி, பாதிக்கப்பட்ட மக்கள் அந்த அமைப்பில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான். அறங்காவலர்களா, காசோலையில் கையெழுத்துப் போடுபவர்களா, இல்லை களப்பணியாளர் என்ற பெயரில் வெயிலில் அலைபவர்கள் மட்டுமா? தலித் மக்களுக்காக என்று சொல்லும் அமைப்பில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் வேறு சாதி, பெருக்குகிறவர் மட்டும் அந்தச் சாதி என்றால் நான் அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். கொஞ்சம் கடுமைதான். விதிவிலக்கு இருக்கலாம், ஆனால் விதிவிலக்குக்கு ஏற்கெனவே கொடுக்க ஆள் இருக்கும்.

சாதியை எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம், நேராகக் கேட்கவே வேண்டியதில்லை. “உங்க கமிட்டியில பாதிக்கப்பட்ட சமூகத்து ஆட்கள் எத்தனை பேர், அவங்க என்ன பொறுப்புல இருக்காங்க?” என்று கேட்டால் போதும். ஒழுங்காக நடக்கிற இடத்தில் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார்கள்.

முகாம் மக்களுக்கான வேலையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஓர் உதாரணம். 1984-இல் சந்திரகாசன் தொடங்கியது. அகதிகளாக வந்தவர்களே சேர்ந்து நடத்திய அமைப்பு. மதுரையிலிருந்து சாதிக் கொடுமை வழக்குகளைக் கையிலெடுக்கும் எவிடென்ஸ் இன்னொன்று. கையால் மலம் அள்ளும் வேலையை ஒழிக்கப் போராடும் சஃபாய் கர்மசாரி அந்தோலனைத் தெரிந்திருக்கும்; அதன் பெசவாடா வில்சனுக்கு 2016-இல் மக்சேசே விருது கிடைத்தது, அவரே அந்த வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். இவற்றுக்குத்தான் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எப்படிப்பட்ட அமைப்பைத் தேட வேண்டும் என்பதற்கு அடையாளமாகச் சொன்னேன். இந்த மாவட்டத்திலேயே பெயர் வெளியே தெரியாத சின்ன அமைப்புகளும் இருக்கும். ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் வன்கொடுமை வழக்கு பார்க்கிற வக்கீலிடம் கேட்டால் யார் உண்மையில் வாய்தாவுக்கு வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார்.

காகிதங்கள்

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி இதையும் தூக்கிப் பார்த்துவிட வேண்டும். அமைப்பு டிரஸ்டாகவோ சங்கமாகவோ லாப நோக்கற்ற கம்பெனியாகவோ பதிவாகியிருக்க வேண்டும். அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு தருகிற, வருமான வரித் துறையின் 12ஏ பதிவு இருக்க வேண்டும். உங்களுக்கு வரிச் சலுகை வேண்டுமென்றால் 80ஜி அனுமதியும் இருக்க வேண்டும். இதற்குக் காலக்கெடு உண்டு, தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். தொண்டு அமைப்புகள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் அமைப்பின் எண்ணைத் தட்டினால் நிர்வாகிகள் பெயர், எந்த மாவட்டத்தில் வேலை என்பதெல்லாம் வரும்.

80ஜி பற்றி இரண்டு மூன்று விஷயம். பொதுவாகத் தொண்டு நிறுவனங்களுக்குத் தரும் தொகையில் பாதியைத்தான் வருமானத்திலிருந்து கழிக்கலாம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. இப்போது நீங்களாக மாற்றிச் சொல்லாவிட்டால் புதிய முறைதான். ஆகவே முக்கால்வாசி இளைஞர்களுக்கு இது வெறும் பேச்சு. வரிக்காகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் அவர் எந்த முறையில் இருக்கிறார் என்று கேளுங்கள்.

இதில் ஒரு நல்ல நுணுக்கம் உண்டு. குறிப்பிட்ட ஒரு மதத்துக்கோ சாதிக்கோ மட்டும் என்று நடக்கும் அமைப்புக்கு 80ஜி கிடையாது என்கிறது சட்டம். ஆனால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கான அமைப்பை அப்படிச் சாதி அமைப்பாகக் கருதக் கூடாது என்றும் அதே பிரிவில் விளக்கம் இருக்கிறது. “தலித்துகளுக்கு மட்டும்னா அதுவும் சாதிச் சங்கம்தானே?” என்று கேன்டீனில் ஒருவர் கேட்பார். வருமான வரிச் சட்டமே அவருக்குப் பதில் வைத்திருக்கிறது.

இப்போது ஹெச்.ஆரிடம் கேட்கச் சொன்ன அந்தக் கடைசிக் கேள்வி, கம்பெனி பங்கு எங்கிருந்து வருகிறது என்பது. கம்பெனியின் இந்தியக் கிளை தன் கணக்கிலிருந்து ரூபாயில் தந்தால் அது பொதுவாக உள்நாட்டுப் பணம். கலிபோர்னியாவில் இருக்கும் அறக்கட்டளையிலிருந்து வந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. வாங்கும் அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்க உள்துறை அமைச்சகம் தரும் அனுமதி, இருந்தே ஆக வேண்டும், டெல்லியில் குறிப்பிட்ட ஸ்டேட் பேங்க் கிளையில் கணக்கு இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு அப்படி வாங்கி இன்னொன்றுக்குக் கைமாற்றவும் முடியாது. சின்ன அமைப்புகள் பலவற்றிடம் இந்த அனுமதி இல்லை. உங்கள் பங்கு போய்ச் சேரும், கம்பெனி பங்கு திரும்பி வந்துவிடும். அப்படியானால் கம்பெனி பங்கு வரவில்லையே என்று அமைப்பை மாற்றிவிடாதீர்கள். உங்கள் பங்கை மட்டும் தொடருங்கள்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் கவனிக்க: இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறி ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் அனுப்பினால் ஆகும். எஃப்.சி.ஆர்.ஏ. இல்லாத அமைப்புக்கு ஒரே வீட்டில் அண்ணன் அனுப்பலாம், தம்பி அனுப்பக் கூடாது என்ற நிலைகூட வரும்.

எஃப்.சி.ஆர்.ஏ. ரத்தானது என்று கேள்விப்பட்டதும் திருட்டு அமைப்பு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். குஜராத்தில் மார்ட்டின் மக்வான் தொடங்கிய நவசர்ஜன் தலித் உரிமைக்காகப் பல வருஷம் உழைத்த அமைப்பு. அதன் அனுமதியை 2016 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் ரத்து செய்தது. சம்பளம் கொடுக்க வழியில்லாமல் ஊழியர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. ரத்துக்கு என்ன காரணம் சொன்னார்கள், அமைப்பு என்ன பதில் சொல்கிறது, இரண்டையும் படித்துவிட்டு முடிவெடுங்கள். வெளிநாட்டுப் பணம் ஒரே ஆணையில் நின்றுபோகக் கூடியது என்பதால்தான் உள்ளூர்ச் சம்பளத்திலிருந்து வரும் முந்நூறு, ஐந்நூறுக்கு அவ்வளவு மதிப்பு.

பெயர் ஒன்று, ஆள் வேறு

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலடியில் செத்துப்போனார். அடுத்த சில வாரங்களில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய கம்பெனிகளின் ஊழியர்கள் கொடைத் தளங்கள் வழியாகப் பணத்தைக் கொட்டினார்கள். அதில் ஏறத்தாழ 40 லட்சம் டாலர் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர் ஃபவுண்டேஷன்’ என்ற பெயருக்குப் போக இருந்தது. அந்த இயக்கத்துக்கும் இந்த அமைப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. போலீசையும் மக்களையும் நெருக்கமாக்குவதுதான் தன் நோக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்த, கலிபோர்னியாவில் இருந்த ஒரு சின்ன அமைப்பு அது. செய்தி வெளிவந்தது, தளம் பணத்தை நிறுத்தி வைத்தது. இத்தனைக்கும் வரித் துறைப் பதிவெல்லாம் அதற்குச் சரியாகவே இருந்தது. காகிதம் மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

நம் பக்கம் அம்பேத்கர், அன்னை தெரசா பெயரில் எத்தனை டிரஸ்ட் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெயரை வைத்துத் தேடாமல் பதிவு எண்ணை வைத்துத் தேடுங்கள். அமைப்பிடமே எண்ணைக் கேட்டு வாங்கி, தளத்தில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.

ஒரு போன்

தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று அமைப்புகளுக்கும் நேரடியாகப் பேசிவிடுங்கள். பேச்சு அநேகமாக இப்படித்தான் போகும்:

“அக்கா, நான் கீழக்கரையில பேங்க்ல வேலை பார்க்கிறேன். மாசாமாசம் சம்பளத்துல கொஞ்சம் உங்களுக்குத் தரலாம்னு பார்க்கிறேன். அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேட்கணும்.”

“கேளு தாயி.”

“போன வருஷம் எத்தனை கேஸ் எடுத்தீங்க, எத்தனை முடிஞ்சுது?”

“முடிஞ்சுதுன்னா? தண்டனை கிடைச்சதா? அது ரொம்பக் கம்மி. சமாதானமாப் போனதுதான் ஜாஸ்தி. சாட்சி பிறழ்ந்ததும் இருக்கு.”

இப்படிச் சொல்கிறவரை நம்பலாம். எல்லாக் கேஸும் ஜெயிச்சாச்சு என்று சொல்கிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அப்புறம், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமானம் பார்க்காமல் அரசின் இலவச சட்ட உதவி உண்டே, அதை வாங்கித் தருகிறார்களா என்று கேளுங்கள். தணிக்கை செய்த கணக்கை அனுப்பச் சொல்லுங்கள். அதில் சம்பளச் செலவு அதிகமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அரிசி கொடுக்கிற அமைப்பின் செலவு அரிசி. வழக்கு நடத்துகிற அமைப்பின் செலவு ஆள். நிர்வாகச் செலவு குறைவு என்று பெருமை பேசுகிற அமைப்பில் களப்பணியாளருக்குச் சம்பள பாக்கி இருக்கிறதா என்று விசாரித்தால் சில சமயம் வேறு கதை வரும்.

நேரில் போகலாமா? போகலாம், ஆபீஸுக்கு. பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்லாதீர்கள். முகாமுக்குள் வெளியாள் நினைத்தபடி போகவும் முடியாது, அனுமதி வேண்டும்.

எவ்வளவு?

போன வருஷம் உங்கள் சம்பளத்தில் எந்தத் தொகை குறைந்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டீர்களோ, அந்தத் தொகை. ஒரே தடவை ஐயாயிரம் தருவதைவிட மாதம் நானூறு மூன்று வருஷத்துக்குத் தருவது மேல். வழக்கு அவ்வளவு காலம் ஓடும். இந்தப் பணத்தை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போடாதீர்கள். ஆபீஸில் இருபது பேர் ஆளுக்கு ஐந்நூறு போட்டால் மாதம் பத்தாயிரம், கம்பெனியும் சேர்ந்தால் இருபது. சின்ன ஊரில் ஒரு களப்பணியாளரை வைத்துக்கொள்ள அது பெரிய ஒத்தாசை. பத்து அமைப்புக்குப் பிரித்துப் போட்டால் யாருக்கும் உதவாது.

ஆபீஸுக்குள்

இதைச் சொல்லாமல் விட முடியாது. நம் மாவட்டத்தில் ஒருவர் எந்த அமைப்புக்குப் பணம் தருகிறார் என்பதை வைத்தே அவர் என்ன ஆள் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். இமானுவேல் சேகரன் நினைவு நாளும் தேவர் ஜெயந்தியும் வருகிற செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இன்னும் கூடுதலாக. ஆகவே பெயர் வெளியிடாமல் தரும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பேரேட்டைப் பார்க்கிற அக்கவுண்ட்ஸ் ஆளுக்குத் தெரியத்தான் செய்யும். அதைத் தடுக்க வழியில்லை. அதுவும் வேண்டாம் என்றால் கம்பெனி வழியை விட்டுவிட்டு உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே மாதாமாதம் போகும்படி செய்துகொள்ளுங்கள். கம்பெனி பங்கு போனாலும் போகட்டும்.

பட்டியலை ஒட்டி, யார் யார் தந்தார்கள் என்று நோட்டீஸ் போர்டில் போடுவது கூடவே கூடாது. மேனேஜர் ஒரு கவரை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாக வருவதும் கூடாது. கீழே வேலை பார்க்கிறவர் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? உங்கள் ஆபீஸிலேயே ஒப்பந்தத் தொழிலாளியாகத் துப்புரவு வேலை பார்க்கிறவருக்குக் குறைந்தபட்சக் கூலியும் பி.எஃப்பும் ஒழுங்காகப் போகிறதா என்றும் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். வெளியே நியாயத்துக்குப் பணம் அனுப்புகிற கம்பெனி அதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளாது என்று நம்புவோம்.

மார்ச்சுக்குப் பிறகு

நிதியாண்டு முடிந்ததும் அமைப்பு தன் நன்கொடையாளர் கணக்கை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, உங்களுக்கு 10பிஇ படிவத்தில் சான்றிதழ் தர வேண்டும். மே 31 கெடு. பழைய வரி முறையில் இருந்தால் அது இல்லாமல் சலுகை கேட்க முடியாது, வெறும் ரசீது செல்லாது. உங்கள் பான் எண்ணை ஆரம்பத்திலேயே கொடுத்துவையுங்கள். தளத்தின் வழியாகத் தந்திருந்தால் சான்றிதழ் தளத்தின் பெயரில் வருமா, அமைப்பின் பெயரில் வருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூன் முதல் வாரம் வரை வரவில்லை என்றால் போன் போடுங்கள். சின்ன அமைப்பில் இந்த வேலைக்கென்று தனி ஆள் இருக்க மாட்டார், கொஞ்சம் தாமதமாகலாம். வருஷா வருஷம் வரவே இல்லை என்றால் அது வேறு விஷயம்.

அமைப்பை மாற்ற வேண்டிய சந்தர்ப்பங்கள் சில உண்டு: கணக்கு கேட்டால் இழுத்தடிப்பது, பாதிக்கப்பட்டவரின் முகமும் பெயரும் தெரிய படம் போடுவது, தேர்தல் நேரத்தில் ஒரு கட்சி மேடையில் அமைப்பின் பேனரே தொங்குவது. வழக்கில் தோற்றார்கள் என்பது மாற்றுவதற்குக் காரணம் ஆகாது. தொடர்வதாக இருந்தால் ஏப்ரலிலேயே ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள். சில கம்பெனிகளில் பிடித்தம் மார்ச் மாதத்தோடு தானாக நின்றுவிடும், யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.